விமானக் கம்பெனிகள் இணைந்தால் நம் பணம் பெருகுமா?

ஈரோட்டிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கையில் 6 லட்சம் இருக்கிறது. ஏர் இந்தியாவும் விஸ்தாராவும் இணைந்ததுபோல இன்னும் பல இணைப்புகள் வரப்போகின்றன, அதற்கு முன்னால் விமானக் கம்பெனிப் பங்குகளை வாங்கிப்போட்டால் இரண்டு வருடத்தில் இரட்டிப்பாகும் என்கிறார் தெரிந்த ஏஜென்ட் ஒருவர். ஏர் இந்தியாவின் அன்லிஸ்டட் பங்குகளும் (பங்குச் சந்தையில் பட்டியலாகாதவை) அவரிடம் கிடைக்குமாம். 25,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். என் மகனோ, இணைப்பெல்லாம் நஷ்டம், இண்டிகோ மாதிரி வெளிநாட்டுக் கம்பெனிகளோடு கூட்டு வைத்துக்கொள்வதுதான் லாபம் என்கிறான். யார் சொல்வது சரி?"

ஐயா, உங்கள் மகன் சொல்வது முக்கால்வாசி சரி. ஏஜென்ட் சொல்வதில் ஒன்றுகூட சரியில்லை. மீதிப் பணத்தை இப்போதைக்கு யாரிடமும் கொடுக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

இணைப்புக்கும் கூட்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு பேசிவைத்துக்கொண்டு வாய்க்கால் தண்ணீரை முறைபோட்டுப் பாய்ச்சினால் அது கூட்டு. அவர் தோட்டத்தையே, அதன் மேல் இருக்கும் பேங்க் கடன், பங்காளித் தகராறு, ஆள் கூலி பாக்கி எல்லாவற்றோடும் சேர்த்துக் கிரயம் செய்தால் அது இணைப்பு. முதலாவது ஒத்துவராவிட்டால் அடுத்த போகத்தில் விட்டுவிடலாம். இரண்டாவதை விட முடியாது.

கூட்டில் காசு எப்படி வருகிறது என்று பாருங்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பெர்லின் போகிறார். கோவை முதல் மும்பை, மும்பை முதல் இஸ்தான்புல் வரை இண்டிகோ. இஸ்தான்புல்லிலிருந்து பெர்லினுக்கு டர்க்கிஷ் ஏர்லைன்ஸ். டிக்கெட் ஒன்றுதான், பெட்டியும் நேராக பெர்லினில் போய் இறங்கும். டிக்கெட் பணத்தை முன்கூட்டியே பேசிவைத்த விகிதத்தில் இருவரும் பிரித்துக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர்தான் கோட்ஷேர். பெர்லினுக்கு டிக்கெட் விற்பதற்காக இண்டிகோ அங்கே ஒரு விமானம்கூட அனுப்ப வேண்டியதில்லை, பைலட் வைக்க வேண்டியதில்லை. வருமானம் கொஞ்சம்தான், ஆனால் அதற்கான செலவு அதைவிடக் கொஞ்சம். 2018 டிசம்பரில் டர்க்கிஷோடும், 2019 நவம்பரில் கத்தார் ஏர்வேஸோடும் இண்டிகோ ஒப்பந்தம் போட்டதன் கணக்கு இதுதான்.

இப்போது இணைப்புக்கு வருவோம். நம் நாட்டில் 2007-ல் மட்டும் மூன்று நடந்தன. அந்த மூன்றும் எங்கே போய் முடிந்தன என்று தெரிந்தால் ஏஜென்ட் பேச்சு உங்களிடம் எடுபடாது.

முதலாவது ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும். ஒன்று வெளிநாட்டுக்கு, ஒன்று உள்நாட்டுக்கு, இரண்டும் அரசாங்கத்துடையவை, சேர்த்தால் செலவு குறையும் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஏர் இந்தியாவிடம் பெரும்பாலும் போயிங், இந்தியன் ஏர்லைன்ஸிடம் ஏர்பஸ். ஏர்பஸ் ஓட்டும் பைலட்டைத் தூக்கி போயிங்கில் உட்கார வைக்க முடியாது. பயிற்சி வேறு, உரிமம் வேறு. உதிரிபாகம் வேறு, மெக்கானிக் வேறு. இணைந்த பிறகும் டிக்கெட்டில் ஒரு பக்கம் ஏ.ஐ., இன்னொரு பக்கம் ஐ.சி. என்று இரண்டு குறியீடுகள் ஓடிக்கொண்டிருந்தன. அது ஒன்றாவதற்கு 2011 பிப்ரவரி ஆனது. மூன்றரை வருடம், இரண்டு எழுத்தை மாற்ற!

சம்பளத் தகராறு அதைவிட மோசம். 2011-ல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் சம்பளத்தைச் சமமாக்கச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012-ல் பழைய ஏர் இந்தியா பைலட்டுகள், புது ட்ரீம்லைனர் விமானத்தில் அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கூடாது என்று 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இணைந்து ஐந்து வருடம் கழித்தும் "அந்தப் பக்கம், இந்தப் பக்கம்"தான்.

இணைவதற்கு முந்தைய ஆண்டில் இரண்டுக்கும் சேர்த்து நஷ்டம் சுமார் 780 கோடி ரூபாய். இணைந்த ஆண்டில் 2,226 கோடி. அடுத்த ஆண்டில் 5,548 கோடி. அப்போது எண்ணெய் விலையும் ஏறியது, உலகமே மந்தத்தில் இருந்தது, உண்மைதான். ஆனால் மழை வரும் நேரத்தில் ஓட்டைப் பிரித்துப்போட்டது யார்? 2012-ல் இதைத் தூக்கி நிறுத்த வரிப்பணத்திலிருந்து 30,000 கோடி தருவதாகத் திட்டம் போட்டார்கள். கடைசியில் 2021-ல் டாடா கொடுத்த விலை 18,000 கோடி; அதிலும் ரொக்கம் 2,700 கோடிதான், மீதி கடனை ஏற்றுக்கொண்டது. உங்கள் பணமும் என் பணமும் அதில் போயிருக்கிறது, நாம் ஒரு பங்குகூட வாங்காமலே.

இரண்டாவது, ஜெட் ஏர்வேஸ் 1,450 கோடிக்கு ஏர் சகாராவை வாங்கி ஜெட்லைட் என்று பெயர் மாற்றியது. அது கடைசிவரை ஜெட்டுக்குப் பாரமாகவே இருந்தது. இதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது கிங்ஃபிஷரும் ஏர் டெக்கானும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் "இணைப்பில்தான் கிடைக்கும், கூட்டில் கிடைக்காது" என்று சொல்லக்கூடிய ஒரு பொருள் இதில்தான் இருந்தது. அப்போது ஒரு விதி: இந்திய விமானக் கம்பெனி வெளிநாட்டுக்குப் பறக்க வேண்டுமானால் உள்நாட்டில் ஐந்து வருடம் ஓட்டியிருக்க வேண்டும், 20 விமானம் வைத்திருக்க வேண்டும். கிங்ஃபிஷர் பறக்க ஆரம்பித்தது 2005 மே மாதம். விதிப்படி 2010 வரை காத்திருக்க வேண்டும். டெக்கான் பறக்க ஆரம்பித்ததோ 2003 ஆகஸ்டில். 2008-லேயே அதற்கு ஐந்து வருடம் முடிகிறது. டெக்கானோடு கோட்ஷேர் போட்டால் இந்த வயது கிடைக்காது. அனுமதியைக் கடன் கொடுக்க முடியாது, கம்பெனியையே எடுத்தால்தான் கிடைக்கும். கிங்ஃபிஷர் முதலாளி மல்லையா எடுத்தார். 2008 செப்டம்பரில் பெங்களூரு–லண்டன் விமானம் கிளம்பியது. இரண்டு வருடம் மிச்சம்.

சரி, அந்த இரண்டு வருடத்துக்கு என்ன விலை? மலிவு டிக்கெட் விற்றுப் பழகிய டெக்கானின் நஷ்டம், அதன் கடன், அதன் விமான வாடகை எல்லாம் கிங்ஃபிஷர் தலையில். 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் நின்றுபோனது. பேங்குகளுக்கு வைத்த பாக்கி சுமார் 9,000 கோடி. எந்த விதிக்காக இத்தனையும் நடந்ததோ, அந்த ஐந்து வருட விதியை 2016-ல் அரசாங்கம் ஒரே உத்தரவில் எடுத்துவிட்டது. அனுமதிக்காக இணைகிறோம் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அனுமதியின் மதிப்பு டெல்லியில் ஒரு கையெழுத்தில் இருக்கிறது.

சிறு பங்குதாரர் கதை இதில் தெளிவாகத் தெரியும். டெக்கான் பங்குக்கு அப்போது 155 ரூபாய் தருவதாக ஓபன் ஆஃபர், அதாவது மற்ற பங்குதாரர்களிடமும் வாங்கிக்கொள்வதாக அறிவிப்பு, வந்தது. அப்போது கொடுத்துவிட்டு வந்தவர் தப்பித்தார். "இணைந்த பிறகு இன்னும் ஏறும்" என்று பிடித்துவைத்திருந்தவர் கையில், கடைசியாக வர்த்தகம் நின்றபோது, பங்கின் விலை இரண்டு ரூபாய்கூட இல்லை.

அமெரிக்காவில் இணைந்து லாபம் பார்த்திருக்கிறார்களே என்று ஏஜென்ட் சொல்வார். டெல்டா, நார்த்வெஸ்ட், யுனைடெட் எல்லாம் முதலில் திவால் நீதிமன்றத்துக்குப் போய்க் கடனைக் கழித்துவிட்டு வந்து, அப்புறம் இணைந்தவை. பழைய பங்குதாரர் பணம் நீதிமன்ற வாசலிலேயே போய்விட்டது. இன்னொன்றும் அவரிடம் கேளுங்கள். ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் பங்குக்கு 33.50 டாலர் தந்து வாங்கிக்கொள்வதாக ஜெட்புளூ அறிவித்ததே, என்ன ஆனது? 2024 ஜனவரியில் நீதிபதி அந்த இணைப்புக்குத் தடை போட்டார். பங்கு ஒரே நாளில் கிட்டத்தட்ட பாதியாகச் சரிந்தது. அதே வருடம் நவம்பரில் ஸ்பிரிட் திவால் மனு போட்டது. இணைப்புச் செய்தியை நம்பி வாங்குகிறவர் நிலைமை இதுதான்.

ஏர் இந்தியா–விஸ்தாரா இணைப்பு 2024 நவம்பர் 12-ல் முடிந்தது. 2007 தவறுகளில் பலவற்றை இந்த முறை தவிர்த்திருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் 2024 ஏப்ரலில் விஸ்தாரா விமானங்கள் ஏன் வரிசையாக ரத்தாயின? இணைப்புக்காகச் சம்பள ஒப்பந்தத்தை மாற்றினார்கள். மாதம் 70 மணி நேரத்துக்கு இருந்த உத்தரவாதச் சம்பளம் 40 மணி நேரத்துக்கு என்றானது. வேலை செய்கிறவன் வயிற்றில் கை வைத்தால் விமானம் எப்படிக் கிளம்பும்? இன்னொரு பக்கம் பாருங்கள்: 2024-25-ல், விஸ்தாராவில் பங்கு வைத்திருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சுமார் 278 கோடி சிங்கப்பூர் டாலர் லாபம் காட்டியது. "பார்த்தீர்களா, இணைப்பு லாபம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதில் சுமார் 110 கோடி டாலர், விஸ்தாரா பங்கை ஏர் இந்தியா பங்காக மாற்றியதில் கணக்குப் புத்தகத்தில் வந்த லாபம். பெட்டியில் விழுந்த காசு அல்ல.

உங்கள் மகனுக்கும் ஒரு வார்த்தை. கூட்டு என்றாலே பத்திரம் என்று நினைக்கக் கூடாது. 2013-ல் அபுதாபியின் எதிஹாட் விமானக் கம்பெனி 2,058 கோடி ரூபாய் கொடுத்து ஜெட்டில் 24 சதவீதம் வாங்கியது. கூட்டாளி என்றுதான் பெயர். ஆனால் முதல் போட்டுவிட்ட பிறகு அது வெறும் கூட்டு இல்லை, பாதி கல்யாணம். 2019 ஏப்ரல் 17-ல் ஜெட் நின்றபோது அந்தப் பணமும் முடங்கியது. (விஸ்தாரா இணைப்பின்போது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏர் இந்தியாவில் போட்டதும் ஏறத்தாழ அதே 2,058 கோடிதான். இது நல்லபடியாகப் போகட்டும்.) கூட்டில் அரசியல் தொல்லையும் உண்டு. 2025 மே மாதம் துருக்கியோடு உறவு கெட்டபோது, டர்க்கிஷிடம் இண்டிகோ வாடகைக்கு எடுத்திருந்த பெரிய விமானங்களுக்கு மூன்று மாதம்தான் என்று கெடு வைத்தார்கள். ஆனால் அதனால் இண்டிகோ படுத்துவிடவில்லை. விட வேண்டியதை விட்டுவிட்டு வேறு கூட்டாளியைத் தேட முடிகிறது. கடன் கழுத்தைப் பிடிக்காத கூட்டின் பலம் அதுதான்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. கோட்ஷேரால் எவ்வளவு வந்தது, இணைப்புக்கு எவ்வளவு செலவானது என்று நம் கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் சாதாரண ஆள் தேடி எடுக்க முடியாது. நூற்றுக்கணக்கான பக்கம், பளபளவென்று விமானப் படம், நமக்கு வேண்டிய ஒரு வரி மட்டும் இருக்காது. ஜெட் விஷயத்தைப் பாருங்கள். 2019 ஜூனில் திவால் தீர்ப்பாயத்துக்குப் போனது. மீட்புத் திட்டத்துக்கு 2021 ஜூனில் அனுமதி. அதுவும் நடக்காமல் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கலைத்துவிடச் சொன்னது. ஐந்து வருடம்! இத்தனை நாளும் அந்தப் பங்கு சந்தையில் கைமாறிக்கொண்டே இருந்தது. "புது முதலாளி வருகிறார்" என்ற செய்தியை நம்பி வாங்கியவர்கள் எத்தனை பேர்! என்னிடம் வரி கணக்குக்கு வரும் ஹோட்டல்காரர் ஒருவரும் அப்படித்தான், தரகர் பேச்சைக் கேட்டு வாங்கிவிட்டு இன்றைக்கும் டீமேட் அறிக்கையை மடித்து வைத்திருக்கிறார். கலைக்கும்போது பேங்க், ஊழியர், அரசாங்கம் எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தால்தான் பங்குதாரருக்கு. மிச்சம் இருக்காது என்று தெரிந்த கம்பெனியின் பங்கை, தெரியாதவர் தலையில் கட்ட ஐந்து வருடம் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

இப்போது உங்கள் ஏஜென்ட். ஏர் இந்தியாவின் 25.1 சதவீதம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம், மீதி டாடா தரப்பிடம். உங்களுக்கும் எனக்கும் விற்கப் பங்கு வெளியே இல்லை. இல்லாத சரக்குக்கு அவர் முன்பணம் வாங்கியிருக்கிறார். அன்லிஸ்டட் பங்கு உண்மையிலேயே இருக்கும் கம்பெனிகளில்கூட, என்ன விலை என்று சொல்ல ஒரு சந்தை கிடையாது. ஏஜென்ட் சொல்வதுதான் விலை. அவர் வாங்கிய விலைக்கும் உங்களிடம் விற்ற விலைக்கும் நடுவே இருப்பது அவர் லாபம். அதை உங்களிடம் சொல்ல மாட்டார். நாளைக்கு விற்க வேண்டும் என்றாலும் அவரிடமே போய் நிற்க வேண்டும். கம்பெனி சந்தைக்கு வந்தாலும் ஆறு மாதம் விற்க முடியாது. அன்லிஸ்டட் பங்கு விற்கும் இணையதளங்களில் வாங்காதீர்கள் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024 டிசம்பரில் எச்சரித்தது. எச்சரித்ததோடு சரி, கடைகள் மூடவில்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியது: 25,000 ரூபாயை எந்தக் கணக்குக்கு அனுப்பினீர்கள் என்று பாருங்கள். அது தனி ஆளின் சேமிப்புக் கணக்கா, செபியில் பதிவான புரோக்கரின் கணக்கா? தனி ஆள் என்றால், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள், போனில் வேண்டாம். அவர் அனுப்பிய செய்திகள், பணம் போனதற்கான ரசீது எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். இழுத்தடித்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே போன் செய்து பதிவு செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பதிவான புரோக்கர் என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் போடலாம். உங்கள் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள், அரை மணி நேர வேலை.