எந்தக் கணக்கைப் பார்த்து முடிவெடுப்பது? ராமநாதபுரம் கரையோரத் தொழில் கேள்வி பதில்

தொழிலில் முடிவெடுக்கக் கணினியும் கைபேசியும் எந்த அளவுக்கு உதவும் என்று ராமேஸ்வரம் முதல் சாயல்குடி வரை பலர் கேட்டிருந்தார்கள். இந்தத் துறை ஆராய்ச்சியைப் படித்ததையும், கடை, படகு, லாட்ஜ் கணக்குகளோடு பழகியதையும் வைத்துப் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். உதாரணத் தொகைகள் எல்லாம் கணக்குப் புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை.

பாம்பன், விசைப்படகு உரிமையாளர்: சார், ரெண்டு படகு ஓடுது. மகன் கணக்குக்கு ஒரு சாப்ட்வேர் போட்டிருக்கான். பாதி நாள் சிவப்பில் நஷ்டம் என்றுதான் காட்டுது. அதைப் பார்த்தால் கடலுக்கே போகக் கூடாது போல. நம்பலாமா?

அண்ணே, சாப்ட்வேர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது.

ஒரு தங்கலுக்கு, அதாவது ஒரு தடவை கடலுக்குப் போய்த் திரும்ப, டீசல், ஐஸ், சாப்பாடு, கூலி எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் என்று வைப்போம். படகுக் கடன் தவணை, வலை தேய்மானம், பராமரிப்பு ஆகியவற்றைப் பங்கு பிரித்தால் தங்கலுக்கு 12,000. மீன் 45,000-க்குப் போகும் என்று தோன்றுகிறது. சாப்ட்வேர் இதை 7,000 நஷ்டம் என்று காட்டும். ஆனால் படகைக் கரையில் கட்டிப்போட்டாலும் அந்த 12,000 போகத்தான் போகிறது. அதனால் போனால் 7,000 நஷ்டம், போகாவிட்டால் 12,000 நஷ்டம். நாளைக்குப் போவதா என்ற கேள்விக்கு 45,000-ஐயும் 40,000-ஐயும் மட்டும் பாருங்கள். தவணையை அதில் இழுக்காதீர்கள்.

ரெண்டாவது படகை வைத்துக்கொள்வதா விற்பதா என்பது வேறு கேள்வி. அதற்கு ஒரு தங்கல் கணக்கு போதாது, ஒரு வருஷக் கணக்கு வேண்டும். அங்கே தவணை, தேய்மானம், படகை இன்று விற்றால் வரும் விலை எல்லாம் வந்தாக வேண்டும். முதல் கேள்விக்கு நேற்றைய டீசல் விலை வரை துல்லியம் தேவை. இரண்டாவதற்குத் தோராயமான தொகையே போதும், ஆனால் காலம் நீளமாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோரியும் ஸ்காட் மார்ட்டனும் 1971-இல் இதைத்தான் எழுதினார்கள். அன்றாட முடிவுக்கும் நீண்டகால முடிவுக்கும் தேவைப்படும் தகவலின் தன்மையே வேறு, இரண்டையும் ஒரே அறிக்கையில் போட்டால் இரண்டுக்கும் உதவாது என்பது அவர்கள் கருத்தின் சாரம். முடிவெடுக்க உதவும் கணினி அமைப்புகள் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளைவிட்டது.

மகனிடம் சொல்லி இரண்டு தாளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். தங்கல் தாளில் தேதி, போன இடம், எரிந்த டீசல் லிட்டர், இறால், நண்டு, கணவாய், சங்காயம் (மலிவாகப் போகும் கழிவு மீன்) தனித்தனியாக எத்தனை கிலோ, ஏல விலை. இவ்வளவு போதும். ஒரு சீசன் ஓடினால், எந்தப் பக்கம் போனால் ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை ரூபாய் மீன் வருகிறது என்று தெரியும். டிரைவருக்கு அது மனக்கணக்கில் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆனால் டிரைவர் வேறு படகுக்குப் போனால் அந்தக் கணக்கும் கூடவே போய்விடும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: மீன் கூட்டம் இருக்கும் இடம் என்று ஹைதராபாத்திலிருந்து வரும் தகவலை நம்பி டீசல் போடலாமா?

ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் மீன்வளப் பகுதித் தகவலைச் சொல்கிறீர்கள். செயற்கைக்கோள் பார்ப்பது மீனை அல்ல. கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும், நுண்பாசியின் பச்சையத்தையும்தான். இரை சேரும் இடத்தில் மீனும் சேரும் என்ற ஊகம். மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரியும் மீனுக்கு இது பொருந்தும். அடித்தளத்தில் கிடக்கும் இறாலைத் தேடிப் பாக் நீரிணையில் மடி (இழுவலை) இழுப்பவருக்கு அதே அளவு உதவும் என்று எதிர்பார்க்க முடியாது. மேகம் மூடினால் தகவலே வராது. காற்று, அலை முன்னறிவிப்பை மட்டும் தவறாமல் பாருங்கள். அதில் எல்லாருக்கும் லாபம் உண்டு.

தங்கச்சிமடம், நாட்டுப்படகு: நாலு ஊர் விலை போனிலேயே தெரியுது. தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? முன்பணம் வாங்கியிருக்கோம், அந்த வியாபாரிக்குத்தான் போடணும்.

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

தகவல் தொழில்நுட்பம் வியாபாரத்துக்கு நல்லது என்று பேசுகிறவர்கள் எல்லாரும் பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சனின் கேரள ஆய்வை எடுத்துக்காட்டுவார்கள். 2007-இல் வெளியானது. 1997 முதல் 2001 வரை வட கேரளக் கரையில் கைபேசி சேவை பகுதி பகுதியாக வந்தபோது மத்தி மீன் சந்தையில் என்ன நடந்தது என்று பார்த்தார். அதற்கு முன் ஒரு கரையில் மீன் வாங்க ஆளில்லாமல் வீணாகும். கொஞ்ச தூரத்தில் வாங்க ஆள் இருந்தும் மீன் இருக்காது. பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வீணாகிக்கொண்டிருந்தது. போன் வந்ததும் கடலிலிருந்தே விலை கேட்டுக் கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊருக்கு ஊர் விலை வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது. வீணாவது கிட்டத்தட்ட நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் ஏறியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது.

அருமையான ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலன் வந்ததே, வேறு கரைக்குப் படகைத் திருப்ப முடிந்ததால்தான். உங்கள் கையும் காலும் முன்பணத்தில் கட்டுண்டு கிடக்கும்போது, விலை தெரிவது வயிற்றெரிச்சலை மட்டுமே கூட்டும். இங்கே தடையாக நிற்பது கடன்.

அதற்காக அந்த விலைத் தகவல் வீண் என்று விட்டுவிடாதீர்கள். அதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். முன்பணம் ஒரு லட்சம் என்று வைப்போம். வெளி விலையை விட வியாபாரி கிலோவுக்கு 15 ரூபாய் குறைத்துத் தருகிறார். மாதம் 200 கிலோ போடுகிறீர்கள். மாதம் 3,000 ரூபாய் போகிறது. அதாவது மாதம் மூன்று வட்டி, வருஷத்துக்கு 36 சதவீதம். வட்டியே இல்லாத முன்பணம் என்று அவர் சொல்வதன் விலை இதுதான். இரண்டு மாதம் தினமும் வெளி விலையையும் உங்களுக்குக் கொடுத்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கடன் வாங்கி முன்பணத்தை அடைப்பது லாபமா என்று அந்தத் தாளே சொல்லிவிடும். மீன்பிடித் தடைக்காலத்தில் அவசரத்துக்கு யார் பணம் தருவார் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். அது எக்செல்லில் வராது.

கீழக்கரை, மளிகைக் கடை. உரிமையாளர் துபாயில்: அஸ்ஸலாமு அலைக்கும். கடையைத் தங்கச்சி மகன் பார்க்கிறான். பில்லிங் சாப்ட்வேரிலிருந்து தினமும் ஏகப்பட்ட ரிப்போர்ட் வருது. பார்க்க நேரமில்லை. எது முக்கியம்?

வ அலைக்கும் ஸலாம் காக்கா. ரஸ்ஸல் அகாஃப் என்ற அறிஞர் 1967-லேயே இதைச் சொல்லிவிட்டார்: மேலாளர்களுக்குத் தேவையான தகவல் கிடைக்காத குறையை விட, தேவையில்லாதது குவிகிற தொல்லைதான் பெரிது என்று. அப்போது வாட்ஸ்அப் இல்லை.

மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: கல்லாவில் இருக்க வேண்டிய பணம், அறுபது நாளாக அசையாத சரக்கு, ஊர்க் கடன் நிலுவை. மற்றதை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆனால் அதற்கு முன் இருப்புப் பட்டியலைத் திறந்து, எதற்காவது மைனஸ் காட்டுகிறதா என்று பாருங்கள். மல்லித்தூள் 100 கிராம் மைனஸ் 64 என்று இருக்கும். கடையில் அப்படி ஒரு இருப்பு எப்படி வரும்? நான் பார்த்த கடைகளில் காரணம் ஒன்றுதான். மஞ்சள்தூள், மிளகுத்தூள் பாக்கெட்டின் பார்கோடு கசங்கி ஸ்கேன் ஆகாது. வரிசையில் ஆள் நிற்பார். பில் போடுகிற பையன் அதே விலையுள்ள மல்லித்தூளை மூன்று தடவை தட்டி ஆளை அனுப்பிவிடுவான். பணம் சரியாக இருக்கும், சரக்குக் கணக்கு நாசமாகிவிடும். அதை நம்பி நீங்கள் துபாயிலிருந்து மல்லித்தூள் ஆர்டர் போடுவீர்கள்.

பையனைத் திட்டிப் பயனில்லை. ஒரு சாப்ட்வேரை ஒருவர் ஒழுங்காகப் பயன்படுத்துவாரா என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது என்று ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் 1989-இல் காட்டினார்: தன் வேலைக்கு அது உதவுகிறது என்ற எண்ணம், கையாள எளிது என்ற எண்ணம். இங்கே பையனுக்கு இரண்டும் இல்லை. அடிக்கடி தகராறு செய்யும் பொருள்களின் பார்கோடை ஒரு அட்டையில் பெரிதாக அச்சடித்துக் கல்லாப் பக்கம் ஒட்டுங்கள். அதை ஸ்கேன் செய்தால் போதும்.

ராமேஸ்வரம், லாட்ஜ் மேலாளர்: போன வருஷம் இதே தேதியில் எத்தனை ரூம் போச்சு என்று பார்த்துத்தான் சிஸ்டம் வாடகை சொல்லுது. அடிக்கடி தப்பாகுதே?

ஆகத்தான் செய்யும். ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் மகாளய அமாவாசையும் ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்பட்டவையா? வருஷா வருஷம் தள்ளி வரும். போன வருஷம் அமாவாசை விழுந்த தேதியை இந்த வருஷம் சாதாரண செவ்வாய்க்கிழமையோடு ஒப்பிட்டால் அறை காலியாகக் கிடக்கும். உண்மையான அமாவாசையன்று வாடகையை மலிவாகக் கொடுத்திருப்பீர்கள். பழைய பதிவேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் திதி, கிழமை, பள்ளி விடுமுறை என்று மூன்று பத்திகள் சேருங்கள். அமாவாசையை அமாவாசையோடு ஒப்பிடுங்கள். 2022 டிசம்பர் முதல் 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கும் வரை ராமேஸ்வரத்துக்கு ரயில் வரவில்லை. அந்தக் காலத்துப் பதிவை மற்ற வருஷங்களோடு கலந்து சராசரி எடுக்காதீர்கள்.

ஆர்.எஸ்.மங்கலம், மிளகாய் வியாபாரி: முண்டு மிளகாயைக் குளிர்பதனக் கிடங்கில் வைக்கலாமா, இப்பவே தள்ளிவிடலாமா? ஏ.ஐ. விலையைக் கணித்துச் சொல்லுமாமே?

சொல்லும். கேட்டால் எதையாவது சொல்லும், அதுதான் பயம். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த சரக்கு என்பதெல்லாம் அதற்குத் தெரியும். இன்றைக்குக் கமிஷன் கடையில் எத்தனை மூட்டை இறங்கியது என்பது தெரியாது.

விலை என்ன ஆகும் என்று கேட்பதை விட, எவ்வளவு ஏறினால் எனக்குக் கட்டும் என்று கேளுங்கள். குவிண்டால் இன்று 15,000 என்று வைப்போம். ஆறு மாதம் வைத்தால் மாதம் ஒரு வட்டிக் கணக்கில் 900, கிடங்கு வாடகை 300. மொத்தம் 16,200. எடை நான்கு கிலோ குறைந்தால் கையில் 96 கிலோதான். ஆகவே கிலோ 168 ரூபாய் 75 காசுக்கு விற்றால்தான் முதல் திரும்பும். குவிண்டாலுக்கு 16,875. அதற்கு மேல் ஏறும் என்று உங்கள் அனுபவம் சொன்னால் பாதியை வையுங்கள். முழுவதையும் வைக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மண்டபம், கடற்பாசி வளர்க்கும் மகளிர் குழு: எங்களிடம் கம்ப்யூட்டர் இல்லை. நோட்டு போதுமா?

தாராளமாகப் போதும் அக்கா. மும்பையைச் சுற்றியுள்ள ஜவுளி ஆலைகளில் பொருளாதார ஆய்வாளர் நிக்கோலஸ் ப்ளூமும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனை 2013-இல் வெளிவந்தது. சில ஆலைகளுக்கு மட்டும் ஆலோசகர்களை அனுப்பினார்கள். எந்திரம் நின்ற நேரம், துணியில் வந்த பழுது, நூல் இருப்பு இவற்றைத் தினமும் எழுதி, அதைப் பார்த்துப் பேச வைத்தார்கள். முதல் வருஷத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. கணினி வாங்கும் அளவும் பிறகு கூடியது. எழுதும் பழக்கம் வந்த பின் அதன் தேவை தானாக வந்துவிட்டது.

நீங்கள் மூன்றை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு மிதவையிலும் கட்டிய விதைப்பாசி எத்தனை கிலோ, அறுத்தது எத்தனை கிலோ, காய்ந்த பின் எத்தனை கிலோ. பச்சையாகக் கொடுப்பதா, காயவைத்துக் கொடுப்பதா என்பதை வெயில் காலத்துக்கும் மழைக்காலத்துக்கும் தனித்தனியாக அந்த நோட்டே காட்டும்.

ராமநாதபுரம், எம்.பி.ஏ. மாணவர்: இந்தத் தலைப்பில் புராஜெக்ட் செய்ய வேண்டும். நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுக்கலாமா சார்?

வேண்டாம் தம்பி. "தொழில்நுட்பம் பயனுள்ளதா" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் டிக் அடிப்பார்கள். ஒரே தெருவில் பத்துக் கடையை எடுங்கள். ஐந்துக்கு அறுபது நாளாக அசையாத சரக்குப் பட்டியலை வாராவாரம் கொடுங்கள், ஐந்துக்குக் கொடுக்காதீர்கள். மூன்று மாதத்தில் தேங்கிய சரக்கு எவ்வளவு குறைந்தது என்று இரண்டு பக்கமும் பாருங்கள். பத்துக் கடையை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாது, அதை ஆய்வேட்டிலேயே எழுதிவிடுங்கள். வழிகாட்டி ஒத்துக்கொள்வாரா என்பது தனிப் பிரச்சினை.

பலர் கேட்டது: இதையெல்லாம் எப்போது தொடங்குவது?

படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் இருக்கிறதே. வலை பின்னுகிற நேரத்தில், போன சீசன் டீசல் பில்லையும் ஏலச் சீட்டையும் தேதிவாரியாக அடுக்கி வீட்டுப் பிள்ளைகளை விட்டு ஏற்றச் சொல்லுங்கள். சீட்டு கிழிந்திருந்தால் அந்தத் தங்கலை விட்டுவிடுங்கள், குத்துமதிப்பாக நிரப்ப வேண்டாம். கடைக்காரர்கள் மைனஸ் இருப்பைச் சரிசெய்வதில் ஆரம்பிக்கலாம், அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. லாட்ஜ்காரர்களுக்கு ஒரு பழைய பஞ்சாங்கம் வேண்டும்.