பார்த்து எழுதுகிறான், பொருள் தெரியவில்லை: சுங்கை சிப்புட் சகோதரிக்கு

சகோதரி, காது கேளாத உங்கள் 14 வயது மகன் மலாய் வாக்கியங்களை அழகாகப் பார்த்து எழுதுகிறான், பொருள் கேட்டால் விழிக்கிறான் என்கிறீர்கள். சைகையை நிறுத்தினால் படிப்பு வரும் என்ற உறவினரின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அவன் சிந்திப்பதே அந்த மொழியில்தான். எழுத்தும் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும்.

மலாய்ச் சொல் வரிசையை அப்படியே கையால் காட்டும் 'கோட் தாங்ஙான்' பள்ளிகளில் புழங்குகிறது. காது கேளாதோர் தமக்குள் பேசும் மலேசிய சைகைமொழி வேறு. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் அதை அங்கீகரித்திருக்கிறது. இந்தச் சைகைமொழியில் புழங்கும், காது கேளாத பெரியவர் ஒருவரை அவனுக்கு ஆசிரியராகத் தேடுங்கள். மலேசியக் காது கேளாதோர் சம்மேளனத்தில் விசாரித்துத் தொடங்கலாம்.

இந்தியா, உகாண்டா, கானா நாடுகளில் காது கேளாதவர்களே ஆங்கில எழுத்தறிவு கற்பித்த வகுப்புகள், மாணவர்களின் அன்றாடத் தேவைகளிலிருந்தே பாடத்தை அமைத்தன. நீங்களும் மளிகைக்கடை ரசீது, பஸ் நிலையப் பலகை, நண்பனின் வாட்ஸ்அப் செய்தி என்று தொடங்குங்கள். முதலில் அவன் சைகையில் விளக்கட்டும், பிறகு எழுதட்டும். பிழையை உடனே திருத்த வேண்டாம்.

நீங்களும் சைகை கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்து வீட்டில் காது கேளாத என் தம்பியோடு சைகையில் பேச யாருக்கும் தெரியாமல் போனது. அந்த வலி இன்னும் ஆறவில்லை.