விசைப்படகின் அடிப்பாகத்துக்கு அடிக்கும் பெயிண்ட் ஒரு சீசன்கூடத் தாங்கவில்லையே, பிராண்டை மாற்றலாமா?

ஃபைபர் விசைப்படகு வைத்திருக்கிறீர்கள். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதுமே கரையேற்றி, அடியில் உயிரினங்கள் ஒட்டாமல் தடுக்கும் விலை உயர்ந்த ஆன்டிஃபவுலிங் பெயிண்டை அடித்து இறக்கியும், தீபாவளிக்குள் அடியெல்லாம் கொட்டலசு (படகில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) அப்பிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தூத்துக்குடியில் படகுப் பழுது வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்குப் பிராண்டின் மேல் சந்தேகம் இல்லை. அடித்த நேரம்தான் இடிக்கிறது.

இந்த பெயிண்டில் இருக்கும் செம்பு ஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கசிய வேண்டும். ஒட்ட இடம் தேடி வரும் கொட்டலசுக் குஞ்சு அதனால்தான் விலகிப் போகிறது. இப்போது பெரும்பாலும் விற்பது தானாகத் தேயும் வகை. படகு ஓட ஓட மேல்தோல் தேய்ந்து புதுச் செம்பு வெளியே வரும். கட்டிப்போட்ட படகில் அது சரியாக நடக்காது, மேலே பாசி படர்ந்து மூடிக்கொள்ளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போக முடியாது. ஏப்ரல் கடைசியில் பெயிண்ட் அடித்து இறக்கினால், அசையாத துறைமுகத் தண்ணீரில் ஒன்றரை மாதம் சும்மா கிடக்கும். கொட்டலசுக்கு விருந்து வைத்த மாதிரிதான்.

அதனால் கரையேற்றுவதை ஜூன் முதல் வாரத்துக்குத் தள்ளுங்கள். அந்த நேரத்தில் சிலிப்வேயில், அதாவது படகைக் கரையேற்றும் சாய்தளத்தில், இடம் பிடிப்பது குதிரைக்கொம்பு என்பது தெரியும். முன்பே ஏற்றத்தான் வேண்டும் என்றால் சுரண்டல், ஃபைபர் ஒட்டு, பிரைமர் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, ஆன்டிஃபவுலிங்கை மட்டும் இறக்குவதற்கு முந்தைய நாட்களுக்கு வையுங்கள். அடித்த பிறகு எத்தனை நாளுக்குள் தண்ணீரில் இறக்க வேண்டும் என்பது டின்னிலேயே இருக்கும்.

அடுத்தது சுரண்டல். படகு மேலே வந்த அன்றே, ஈரம் காயும் முன் பிரஷர் தண்ணீர் அடித்துச் சுரண்டிவிட வேண்டும். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். கொட்டலசின் ஓடு எளிதில் தெறித்துவிடும். ஆனால் அடியில் வட்டமாக வெள்ளைத் தகடு ஒன்று ஒட்டியே இருக்கும். நாள்கூலிக்கு அவசரமாகச் செய்பவர்கள் அதன் மேலேயே பெயிண்ட் அடித்துவிடுவார்கள். முதலில் உரிவது அந்த இடம்தான். கையால் தடவிப் பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம். தேய்ப்பதை ஈர எமெரி தாளில் செய்யுங்கள். அந்தத் தூசியில் செம்பு இருக்கிறது, மாஸ்க் இல்லாமல் யாரையும் நிற்க விடாதீர்கள்.

டின்னைத் திறந்ததும் அடியில் சேறு போலக் கெட்டியாகப் படிந்திருக்கும். செம்பு முழுக்க அங்கேதான் கிடக்கிறது. கட்டையை அடிவரை விட்டுச் சுரண்டிக் கலக்காமல் மேலாக ஊற்றி அடித்தால், காசு கொடுத்து வாங்கிய மருந்து டின்னிலேயே தங்கிவிடும். இன்னொன்று, செக்கச்செவேலென்று இருப்பதெல்லாம் ஆன்டிஃபவுலிங் இல்லை. ரெட் ஆக்சைடு இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பது, கொட்டலசு அதன் மேல் தாராளமாகக் குடியேறும்.

இரண்டு கோட் அடியுங்கள். முதல் கோட் ஒரு நிறம், இரண்டாவது வேறு நிறம். அடுத்த முறை ஏற்றும்போது கீழ் நிறம் எங்கே தெரிகிறதோ அங்கே தேய்மானம் அதிகம் என்று அர்த்தம். அணியம் (படகின் முன்பக்கம்), சுக்கான், நீர்மட்டக் கோடு ஆகிய இடங்களுக்கு மூன்றாவது கோட் கட்டாயம். படகைத் தாங்கி நிற்கும் கட்டைகளுக்கு அடியில் பெயிண்ட் படாது. இறக்கும் முன் கட்டையை நகர்த்தி அந்த இடத்தையும் முடிக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள்.

மற்ற உலோகப் பாகங்கள் அரிக்காமல் இருக்க அடியில் பொருத்தும் துத்தநாகக் கட்டிகள் மேல் எந்த பெயிண்டும் படக் கூடாது, பட்டால் அவை வேலை செய்யாது. அலுமினியப் பாகங்கள் இருந்தால் செம்பு பெயிண்ட் அவற்றை அரித்துவிடும், அதற்குத் தனி வகை இருக்கிறது.

பிராண்டை மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழையது எந்த வகை என்று முதலில் பாருங்கள். தேயும் பெயிண்டின் மேல் தேயாத கடின வகையை அடித்தால் பாளம் பாளமாக உரியும். யாராவது பழைய டின் மலிவாக இருக்கிறது என்று டிபிடி (TBT) என்ற நச்சு வேதிப்பொருள் கலந்ததைக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். சிப்பி, நத்தை இனங்களைக் கெடுத்ததால் 2008 முதல் அது சர்வதேச ஒப்பந்தப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது. மணலில் தினமும் இழுத்துப் போடும் சின்ன ஃபைபர் படகுக்காரர்களும் இந்தச் செலவு செய்வதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு இது தேவையே இல்லை, வெயிலில் காய்ந்தே கொட்டலசு செத்துவிடும்.

சீசன் நடுவில் அதே த்ராட்டிலில் வேகம் குறைந்து, இன்ஜின் கரும்புகை தள்ளினால் அடியைச் சந்தேகப்படுங்கள். முழுகுபவரை இறக்கலாம், ஆனால் கையில் சாக்குத்துணியோ ஸ்பாஞ்சோ மட்டும் கொடுங்கள். கம்பி பிரஷைக் கொடுத்தால் பாசியோடு பெயிண்டும் போய்விடும். புரொபெல்லரை மட்டும் சுரண்டும் தகட்டால் சுரண்டலாம்.