விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவே

வணக்கம்.

ஒரு நாட்டின் வேளாண்மை வளர நல்லாட்சி இன்றியமையாதது என்று எழுதியிருந்தீர்கள். மண்ணும் மழையும் உழவரின் உழைப்பும்தானே விளைச்சலைத் தீர்மானிக்கின்றன? மானியத்தைக் கொடுத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டால் போதாதா?

– ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

மண்ணும் மழையும் உழைப்பும் அப்படியே இருக்க, அரசின் முடிவு மாறியதால் விளைச்சல் மாறிய நாடு வியட்நாம். மேகாங் கழிமுகம் போன்ற வளமான நெல்வயல்களை வைத்துக்கொண்டு, 1980களின் பெரும்பகுதியில் அந்நாடு அரிசியை இறக்குமதி செய்தது. 1986இல் தொடங்கிய சீர்திருத்தங்களின் தொடர்ச்சியாக, கூட்டுப்பண்ணைகளின் கையிலிருந்த சாகுபடிப் பொறுப்பு 1988இல் குடும்பங்களிடம் வந்தது. மறு ஆண்டே பத்து லட்சம் டன்னுக்கும் மேல் அரிசி ஏற்றுமதியானது. 1993ஆம் ஆண்டு நிலச்சட்டம் அக்குடும்பங்களின் நிலப் பயன்பாட்டு உரிமையை ஆண்டுப்பயிர் நிலங்களுக்கு 20 ஆண்டுகள் என வரையறுத்து, அதை வாரிசுக்கு விடவும் அடமானம் வைக்கவும் இடமளித்தது. ஏற்றுமதியைவிட இந்தச் சட்டத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். அடுத்த ஆண்டு நிலம் யாரிடம் இருக்கும் என்று தெரியாதவர் வரப்பை உயர்த்தவோ வாய்க்காலைச் சீர்செய்யவோ எதற்காகக் கடன் வாங்குவார்?

இதற்கு நேர்மாறானது இலங்கையின் அனுபவம். 2021ஆம் ஆண்டின் முற்பாதியில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே அது தளர்த்தப்பட்டது. மண்ணைக் காக்கும் நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல ஆண்டுகளில் படிப்படியாகச் செய்ய வேண்டிய மாற்றத்தை, போதிய மாற்று உரம் கைவசம் இல்லாமல் ஒரே ஆணையில் செய்தபோது, நெல்லும் தேயிலையும் விளைவித்தவர்களே அதன் சுமையைத் தாங்கினார்கள். விதைத்தவர் அறுக்கும்வரை விதி மாறாதிருக்க வேண்டும் என்பதையே நல்லாட்சியின் முதற்கடமையாகக் கருதுகிறேன்.

மானியத்தை நான் எதிர்க்கவில்லை. மேலுரம் இட வேண்டிய நாள் கடந்தபின் வந்துசேரும் உரத்தால் பயிருக்குப் பயனில்லை என்பதால், தொகையைவிட அது சேரும் காலத்தையே முதலில் கேட்பேன். அரசு ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற கருத்தை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. விதையின் தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முளைப்புத்திறனை உழவர் வீட்டிலேயே சோதித்துவிடலாம்; விதை முழுவதும் ஒரே இரகம்தானா என்ற இனத்தூய்மையைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. அதற்கு நேர்மையான விதைச்சான்று முறையும், தவறு செய்தவரைத் தண்டிக்கும் ஆய்வாளரும் வேண்டும். அவர்கள் இல்லாத இடத்தில், கலப்பு விதை வாங்கிய உண்மை கதிர் வெளிவரும்போதுதான் உழவருக்குத் தெரியவரும். அதற்குள் அந்தப் பருவம் கைநழுவியிருக்கும்.

அன்புடன்.