45,000 லிட்டர் வீட்டு நீச்சல்குளத்துக்கு மணல் ஃபில்டரா, கார்ட்ரிட்ஜா?

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்றால் கொள்ளளவு ஏறக்குறைய 45,000 லிட்டர். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மொத்தத் தண்ணீரும் சுற்றி வர, மணிக்கு 7,500 லிட்டர் ஓட வேண்டும். 600 மி.மீ. விட்டமுள்ள மணல் ஃபில்டர் இதற்குப் போதும். பம்பை மட்டும் பெரிதாகப் போட்டால், தண்ணீர் போகிற வேகத்தில் அழுக்கும் மணலைத் தாண்டிக் குளத்துக்கே திரும்பிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்.

கார்ட்ரிட்ஜ், அதாவது மடிப்பு மடிப்பான துணி ஃபில்டர், இன்னும் நுண்ணிய தூசியைப் பிடிக்கும். பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி மணலைக் கழுவுவது) இல்லாததால் தண்ணீரும் மிச்சம். ஆனால் மரத்தடிக் குளமென்றால் அதைக் கழுவியே கை ஓய்ந்துவிடும், மணலே மேல்.

பிரஷர் கேஜ், சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8–10 பிஎஸ்ஐ ஏறியதும் 2–3 நிமிடம் பேக்வாஷ், பிறகு அரை நிமிடம் ரின்ஸ் (நேர்த்திசையில் ஓட்டி, மிச்சக் கலங்கலை வெளியேற்றுவது). பம்பை நிறுத்தாமல் வால்வு கைப்பிடியைத் திருப்பாதீர்கள். வால்வுக்குள் இருக்கும் ரப்பர் கேஸ்கெட் பிய்ந்து, கழிவுக்குழாயில் ஓயாமல் தண்ணீர் கசியும். குளத்தடியில் ஃபில்டர் மணல் தென்பட்டால், உள்ளே லேட்டரல் (மணலுக்கு அடியில் இருக்கும் கீறல் போட்ட குழாய்) உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.