ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஊரைத் திரும்பக் கட்டுவது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தை ஒட்டி இருக்கிறது. மூன்று பக்கமும் தண்ணீர். ஏறக்குறைய தீவு மாதிரிதான். கடல் ஏறியதில் 60 வீடுகள் இனி குடியிருக்க முடியாது என்றாகிவிட்டது. ஒரு தொண்டு நிறுவனம் உள்ளே தள்ளி நிலம் வாங்கி வீடு கட்டித் தருகிறோம் என்கிறது. ஊர்க் கமிட்டி எதிலிருந்து தொடங்க வேண்டும்? (பங்குப்பேரவை உறுப்பினர் ஒருவர்)

பதில்: வீட்டு வரைபடத்தை இப்போதைக்குச் சுருட்டி வையுங்கள். வள்ளம், வலை, எஞ்சின் மூன்றும் நாளைக்கு எங்கே இருக்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சுமார் 40 கிலோ எடையுள்ள எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டு கிலோமீட்டர் யாரும் நடக்க மாட்டார்கள். கரையில் பூட்டி வைக்க அறை இல்லையென்றால் ஆண்கள் பழைய இடத்திலேயே ஓலைக் கொட்டகை போட்டுத் தங்கிவிடுவார்கள், புது வீடு பூட்டிக் கிடக்கும்.

அதனால் குடியிருப்பு உள்ளே போனாலும் கரை ஊரின் கையில் இருக்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச்சில் வந்த அரசாணை 172-ஐ வாங்கிப் படித்துப் பாருங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது ஏற்றத்தின்போது கடல்நீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே போகச் சம்மதித்தால் 1.5 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு இலவசம், ஆனால் பழைய இடத்தை அரசிடம் விட்டுக்கொடுக்க வேண்டும். போகாதவர்கள் இருந்த இடத்தில் பழுது பார்த்துக்கொள்ளலாம், உதவி மட்டும் கிடைக்காது. இப்படி ஒரு நிபந்தனை இப்போதும் முன்னால் வரக்கூடும். கையெழுத்துப் போடும் முன்பே, காலியாகும் இடம் வள்ளம் ஏற்றவும் வலை பின்னவும் மீன் உலர்த்தவும் ஏலம் போடவும் மட்டுமே பயன்பட வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு, சர்வே எண்களோடு ஆட்சியருக்கு அனுப்புங்கள். 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, வீடு கட்டத் தடையுள்ள பகுதியில்கூட இந்த வசதிகளை அனுமதிக்கிறது. அந்தத் தடைப் பகுதி, சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் கிராமப்புறத்தில் அதே உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர், அதற்குக் குறைந்தால் 200 மீட்டர். நம் கரையோர ஊர்களின் நெரிசலுக்கு முதல் வகை பொருந்த வாய்ப்பு அதிகம். ஆனாலும் உங்கள் சர்வே எண் எந்த மண்டலத்தில் விழுகிறது என்பதை மாவட்டக் கடலோர மேலாண்மைக் குழுமத்தில் எழுத்தாகவே வாங்குங்கள். பேரூராட்சி எல்லைக்குள் விதி வேறு. பொழியை ஒட்டிய ஆற்றுக்கரைக்கும் தனி அளவு உண்டு.

அடுத்தது பட்டியல். 60 வீடு என்பது 60 குடும்பம் ஆகாது. வாடகைக்கு இருந்தவர்கள், ஒரே கூரையின் கீழ் இருந்த கல்யாணமான மக்கள், கணவனைக் கடலில் இழந்தவர்கள் எல்லாரையும் தனித்தனியே எழுதி, பட்டியலைக் கோயில் வாசலில் ஒட்டி, ஆட்சேபத்துக்கு இரண்டு வாரம் கொடுங்கள். நம் கரையில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், அக்காளும் தங்கையும் அடுத்தடுத்த வீட்டில் இருப்பார்கள். ஒருத்தி மீன் விற்கப் போனால் இன்னொருத்தி பிள்ளையைப் பார்ப்பாள். சீட்டுக் குலுக்கி வீடு ஒதுக்கினால் இந்தப் பிணைப்பு ஒரே நாளில் அறுந்துவிடும். நிக்கோபார் தீவுகளில் சுனாமிக்குப் பின் நடந்தது இதுதான்: துஹெத் என்ற பெரிய கூட்டுக்குடும்பமாக வாழ்ந்தவர்களைத் தனித்தனி வீடுகளில் பிரித்துக் குடிவைத்ததில் அந்த அமைப்பே குலைந்துபோனது. ஆறேழு வீடு கொண்ட கொத்துகளாக யார் யாருடன் இருக்க விரும்புகிறார்கள் என்று கேளுங்கள். குலுக்குவதாக இருந்தால் கொத்துகளைக் குலுக்குங்கள். பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கட்டும்.

நிலக் கணக்கு: குறைந்தது 60 வீடு என்று வைத்தாலும், வீட்டுக்கு 3 சென்ட் வீதம் 180 சென்ட். பாதை, வடிகால், தண்ணீர்த் தொட்டி, அங்கன்வாடிக்கு நிலத்தில் 40 சதவீதம் போய்விடும். ஆக 300 சென்ட், அதாவது 3 ஏக்கருக்குக் குறைந்து வாங்காதீர்கள். 3 சென்ட் மனை சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 11 மீட்டர்தான். கழிவுக் குழிக்கும் கிணற்றுக்கும் 15 மீட்டராவது இடைவெளி வேண்டும், அது அந்த மனைக்குள் கிடைக்காது. வீட்டுக்கு ஒரு கிணறு என்ற ஆசையை விட்டுவிட்டு, நிலத்தின் மேட்டுப் பக்கம் பொதுக் கிணறும் தாழ்ந்த பக்கம் பொதுக் கழிவுத் தொட்டியும் வையுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்றால் 300 பேருக்கு 16,500 லிட்டர். 2017 ஒக்கிப் புயல் சமயம் மின்சாரம் நாள்கணக்கில் இல்லாமல் கிடந்தோம். இரண்டு நாள் தண்ணீரைப் பிடித்து வைக்க 33,000 லிட்டர் தொட்டி வேண்டும்.

கடல்நீர் புகுந்த பழைய கிணறுகளை மோட்டார் போட்டுத் திரும்பத் திரும்ப இறைக்காதீர்கள். மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. மேல்மட்டம் 1 அடி இறங்கினால் அடியிலிருந்து உப்பு ஏறக்குறைய 40 அடி ஏறி வரப் பார்க்கும். மெதுவாக ஒரு தடவை இறைத்துச் சேற்றை எடுத்து, மழைக்கு விட்டுவிடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 2000 மில்லிகிராமுக்குக் கீழே வராதவரை குடிக்க வேண்டாம்.

கட்டடத்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எடுக்கும் தண்ணீரில் குளோரைடு உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடல் மணல் வேண்டவே வேண்டாம். கரையோர வீட்டுக்கு எம்30 தரக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல், 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீர். அலைச்சாரல் அடிக்கும் இடமானால் எம்35, 50 மில்லிமீட்டர். மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தையும் இந்தக் கணக்கில் கழிக்க வேண்டும். தளத்தில் நடப்பது வேறு. கலவை இறுகுகிறது என்று கொத்தனார் இன்னும் அரை வாளி ஊற்றச் சொல்வார். கம்பியைத் தூக்கி நிறுத்த வைக்கும் கவர் பிளாக் என்ற சிறு கட்டைக்குப் பதில் கம்பிக்கு அடியில் ஒரு 20 மில்லி ஜல்லியைச் செருகிவிடுவார்கள். உப்புக் காற்று அந்த 20 மில்லியைச் சில வருடங்களில் கடந்துவிடும். துரு பிடித்த கம்பி பருத்து, முதலில் சன்ஷேடின் அடியில் கம்பி ஓடும் வழியாகவே ஒரு நேர்க்கோட்டு விரிசல் விடும், பிறகு காரை தட்டுத் தட்டாக உதிரும். ஒப்பந்தத்திலேயே 45 மில்லி கவர் பிளாக் என்று எழுதுங்கள். கான்கிரீட் போடும் அன்று ஊர்க்காரர் ஒருவர் அளவு வாளியோடு கலவை இயந்திரத்தின் பக்கத்திலேயே நிற்கட்டும்.

தரை உயரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். தண்ணீர் ஏறிய அடையாளம் சுவரில் அழியும் முன் பெயிண்டால் கோடு போட்டு, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்துப் புது மனை வரை கொண்டுபோங்கள். வீட்டுத் தரை அந்தக் கோட்டுக்கு மேல் 60 சென்டிமீட்டராவது இருக்கட்டும். ஓடு வேய்ந்த கூரையானால் இறவாரம் அரை மீட்டருக்கு மேல் நீள வேண்டாம். புயல் அங்கேதான் பிடித்துத் தூக்கும்.

காலக் கணக்கில் பலரும் தவறுகிறார்கள். நமக்கு இரண்டு மழை. துலா மழை (வடகிழக்குப் பருவமழை) ஓய்ந்து டிசம்பர் கடைசியில் அஸ்திவாரம் எடுத்தால் மே மாதத்துக்குள் கூரை ஏறிவிடும். ஏப்ரல், மேயில் காற்றே இல்லாமல் கடல் திடீரென ஏறும் கள்ளக்கடல் வரும் என்பதால் சாமான்களைக் கரையில் இறக்கி வைக்காதீர்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் ஊரில் இருக்கும் அந்த நாட்களைப் பூச்சு வேலைக்கும் குடிபோவதற்கும் ஒதுக்குங்கள். கரையில் எஞ்சின் அறையும் வலைக்கூடமும் அதற்குள் முடிந்திருக்க வேண்டும். தொண்டு நிறுவனத்துடன் போடும் ஒப்பந்தத்தில் முதல் தவணை வேலையாக அவற்றையே எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டியதில் பத்தில் ஒரு பங்கை ஒரு முழு மழைக்காலம் கழியும் வரை பிடித்து வையுங்கள். கூரை ஒழுகுவதும் வடிகால் எதிர்த்து வருவதும் அப்போதுதான் தெரியும்.