முதல் இறுவட்டோடு நின்றுபோன மேட்ரிக்ஸ்

கேள்வி: "1999 ஆம் ஆண்டு வெளிவந்த 'தி மேட்ரிக்ஸ்' படத்தை அண்மையில்தான் முதன்முறையாகப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி அணிந்தவர்கள் சண்டை போடும் படமாகவே எனக்குத் தெரிந்தது. இதை ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள்? பார்த்தவர்கள் உண்மையான கருத்தைச் சொல்லுங்கள்."

நீங்கள் இந்தப் படத்தை நல்ல திரையில், ஒரே அமர்வில், அதைப் பார்த்துப் போலச் செய்த பல படங்களைப் பார்த்து முடித்த பிறகு பார்த்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். அப்படியானால், கதாநாயகன் நியோ மொட்டை மாடியில் பின்புறமாகச் சாய்ந்து துப்பாக்கிக் குண்டுகளைத் தவிர்க்கும் காட்சி உங்களுக்குப் புதுமையாகத் தெரியாததில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. அந்த ஒரு காட்சிக்காக ஏறத்தாழ 120 நிழற்படக் கருவிகளை நடிகரைச் சுற்றி வரிசையாக நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக இயக்கிப் படம்பிடித்தார்கள். ஹொங்கொங்கிலிருந்து யுவன் வூ பிங் என்னும் சண்டைப் பயிற்சியாளரை வரவழைத்து, நடிகர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். படத்திற்குக் கிடைத்த நான்கு ஒஸ்கார் விருதுகளும் படத்தொகுப்பு, ஒலி, ஒலித் தொகுப்பு, காட்சி விளைவுகள் ஆகியவற்றுக்கானவையே. ஆகவே தொழில்நுட்பத்திற்காக இதைக் கொண்டாடுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் இந்தப் படத்தை நேசிப்பதற்குக் காரணம் அதுவன்று. இதே படத்தின் மீது எனக்கு இருக்கும் கோபத்தையும் சேர்த்தே எழுத வேண்டியிருப்பதால் பதில் நீளும்.

நான் இதன் முதற்பாதியை மட்டுமே முதலில் பார்த்தேன். அந்தப் பாதியோடு ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தேன்.

2001 ஆம் ஆண்டு தீபாவளிக்கு, கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்த அண்ணன், இறுவட்டில் (சி.டி.) படம் பார்க்கும் வீ.சி.டி. கருவி ஒன்றையும் நான்கைந்து படங்களையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் வீடு இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றாக இருந்தது. அந்தப் பன்னிரண்டு அடி அறைக்குள் அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பெரியவர்களுமாக இருபது பேராவது இருந்திருப்பார்கள். தமிழ்ப் படம் முடிந்த பிறகு அண்ணன் மேட்ரிக்ஸைப் போட்டார். திரையின் அடியில் ஆங்கில எழுத்துகள் ஓடின. நான் அப்போது உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு வேகமாக ஆங்கிலத்தை வாசிக்கக் கூடியவள் அந்த அறையில் நான் ஒருத்திதான் என்பதால், எனக்கு விளங்கியதை விளங்கியபடி உரக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நாம் பார்த்துத் தொட்டு உண்டு வாழும் இந்த உலகமே இயந்திரங்கள் மூளைக்குள் ஓட்டும் ஒரு தோற்றம் என்பதையும், உண்மையான உடல்கள் தொட்டிகளில் குழாய்கள் சொருகப்பட்டுக் கிடக்கின்றன என்பதையும் சொல்லி முடித்தபோது, அறையில் ஒரு சத்தமும் இல்லை.

படம் இரண்டு இறுவட்டுகளில் இருந்தது. நியோவை ஆரக்கிள் என்னும் குறிசொல்லும் மூதாட்டியிடம் அழைத்துச் செல்வதோடு முதலாவது முடிந்தது. இரண்டாவதைப் போட்டால் சுழன்றது, ஆனால் படம் வரவில்லை. துணியால் துடைத்தும் மூச்சால் ஊதியும் அண்ணன் எவ்வளவோ முயன்று பார்த்தார். விடுமுறை முடிந்து கொழும்புக்குப் போனவர், வாங்கிய இடத்தில் மாற்றித் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதினார். ஆகவே எங்கள் லயத்தைப் பொறுத்தவரை நியோ ஐந்து ஆண்டுகளாக அந்த வழியிலேயே நின்றிருந்தான்.

ஆனால் அப்பா கேட்டது நியோவைப் பற்றியன்று. மாய உலகிலிருந்து விழித்துக்கொண்டவர்களுள் ஒருவனான சைஃபர் என்பவன் உணவகத்தில் அமர்ந்து, தன் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்க, இயந்திரங்களின் காவலாக இயங்கும் கணினி நிரலான ஏஜென்ட் ஸ்மித்தோடு பேரம் பேசும் காட்சி அந்த முதற்பாதியில் வருகிறது. கையில் இருக்கும் இறைச்சித் துண்டு உண்மையன்று என்பது தனக்குத் தெரியும் என்றும், ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அறியாமையே இன்பம் என்று உணர்ந்துவிட்டதாகவும் சொல்லிக்கொண்டு அவன் அதைச் சுவைத்து உண்பான். விழித்துக்கொண்டவர்கள் உண்மை உலகில் தாங்கள் வாழும் கப்பலில் தினமும் உண்பது பசை போன்ற ஒரு கூழ் மட்டுமே. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. இருந்தும், தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளாக வேலை செய்து, விடியற்காலையில் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போன அப்பா, அன்றிரவு எல்லாரும் போன பிறகு என்னிடம் கேட்டார்.

"ஏன் பாப்பா, அந்த மாட்டுக்கறி திங்கிறவன் சொன்னதுல என்ன பிழை? ஒன்பது வருசமா கூழக் குடிச்சா யாருக்குத்தான் ஆச வராது?"

எனக்குச் சினம் பொங்கியது. அந்த வயதில் எனக்கு எல்லாமே கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருக்க வேண்டியிருந்தது. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லித்தானே நம்முடைய முன்னோரை ஊரிலிருந்து கிளப்பி, கடலைக் கடக்க வைத்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடக்க வைத்தார்கள், அந்தப் பொய்க்கும் இந்த இறைச்சித் துண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். அப்பா சற்று நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கெழவன் பொய்ய நெசம்னு நம்பி வந்தான். இவன் பொய்யின்னு தெரிஞ்சே வேணும்னு கேக்குறான். ரெண்டும் எப்பிடி ஒண்ணாகும்?"

அப்பா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் மெய்யியலை ஒரு பாடமாக எடுத்தபோதுதான், ரொபர்ட் நோசிக் என்னும் அமெரிக்க மெய்யியலாளர் 1974 இலேயே ஏறத்தாழ இந்த இடத்திற்கு வந்திருந்ததை அறிந்தேன். விரும்பிய அனுபவங்களையெல்லாம் தரும் இயந்திரம் ஒன்று இருந்தால், அது இயந்திரம் என்று முன்கூட்டியே அறிந்த நிலையில், வாழ்நாள் முழுவதற்கும் உங்களை அதில் பிணைத்துக்கொள்வீர்களா என்பதே அவருடைய வினா. பெரும்பாலோர் மறுப்பார்கள் என்று அவர் கருதினார். அப்பா அவ்வளவு உறுதியாக மறுத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் வினா எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அவர் ஒரே இரவில் கண்டுகொண்டார். ஒரு சண்டைப் படத்தால் இப்படிப்பட்ட உரையாடலை ஒரு லயத்து அடுப்படியில் உண்டாக்க முடிந்தது என்பதே, நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னுடைய முதன்மையான பதில்.

எதைப் பார்த்தாலும் தோட்டத்தையும் லயத்தையும் இழுத்து வருகிறாள் என்று இங்கே சிலர் எழுதக்கூடும். நான் இழுத்து வரவில்லை. படத்தைப் பார்த்த இடம் அது. நியூயோர்க்கில் பார்த்தவர் தம் அலுவலக மேசையை நினைத்துக்கொண்டதாக எழுதினால் அது திறனாய்வு ஆகிறது, நோர்வூட்டில் பார்த்தவள் எழுதினால் மட்டும் அது புலம்பலாகிவிடாது. பல்கலைக்கழக விடுதியில் ஒருத்தி, "தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த மாதிரிப் படங்கள் விளங்குமா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறாள். அவள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்பதால்தான் அது இன்னும் வலிக்கிறது.

மனிதரை மின்கலமாக்கி இயந்திரங்கள் ஆற்றல் பெறுகின்றன என்ற கற்பனையை அறிவியல் தெரிந்தவர்கள் பலர் குறை கூறியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியே. ஓய்வாகக் கிடக்கும் மனித உடல் வெளியிடும் வெப்பம் ஏறத்தாழ 100 வாட் அளவுதான். அதற்கும் உணவு கொடுத்தாக வேண்டும். கொடுத்ததைவிட மிகுதியாக எடுக்க முடியாது. இருந்தாலும் அந்தக் கற்பனை என்னைத் தாக்கியது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் எங்களுக்கு அருகிலேயே இருக்கின்றன. அந்த நீரில் பிறந்த மின்சாரம் உயர்ந்த கம்பங்களில் எங்கள் மலைகளைக் கடந்து போய்க்கொண்டிருந்த காலம் முழுவதும் எங்கள் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. மின்சாரம் வந்தது நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிய ஆண்டில். எண்ணற்ற தொட்டிகளில் உடல்கள் அடுக்கடுக்காக ஒளிரும் அந்தக் காட்சியைப் பார்த்தபோது, இது அறிவியலுக்குப் பொருந்துமா என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

இனி என் கோபத்திற்கு வருகிறேன். இரண்டாம் பாதியை 2006 இல், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விடுதித் தோழி ஒருத்தியின் கணினியில் பார்த்தேன். மாய உலகக் காட்சிகளுக்குப் பச்சைச் சாயலும் உண்மை உலகக் காட்சிகளுக்கு நீலச் சாயலும் கொடுத்திருக்கிறார்கள் என்பதையே அன்றுதான் கவனித்தேன்; எங்கள் பழைய தொலைக்காட்சியில் எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. அறையில் எட்டுப் பேர் இருந்தோம். நியோவை விழிக்கச் செய்த தலைவர் மோர்பியஸ் பிடிபட்டிருக்கிறார். அவரை மீட்பதற்காக நியோவும் அவனுடைய கூட்டாளி டிரினிட்டியும் அவரை அடைத்து வைத்திருக்கும் கட்டடத்திற்குள் நுழைகிறார்கள். வாசலில் உலோகம் கண்டறியும் சட்டகம் இருக்கிறது. உலோகப் பொருள்கள் இருந்தால் எடுத்து வைக்கும்படி ஒரு காவலாளி வழக்கமான குரலில் சொல்கிறான். நியோ மேலங்கியை விலக்குகிறான். அடுத்த சில நிமிடங்களில் அங்கிருந்த காவலர் அனைவரும் செத்துக் கிடக்கிறார்கள், தூண்கள் சிதறுகின்றன, இசை ஓங்குகிறது. தோழியர் கைதட்டினார்கள்.

என்னால் கைதட்ட முடியவில்லை. அந்த ஆண்டில் போர் மீண்டும் மூண்டிருந்தது. அண்ணன் புறக்கோட்டையில் கடைக்குப் போகும் வழியெங்கும் சோதனைச் சாவடிகள் இருந்தன. ஒருமுறை, அடையாள அட்டையில் தோட்டத்து முகவரி இருந்தும் பொலிஸ் பதிவு கையில் இல்லை என்பதற்காக ஓர் இரவு முழுவதும் அவரை நிலையத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ஆகவே சோதனை செய்பவன் பக்கம் நின்று நான் பேசுவதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது வேறு. அந்தக் காவலர்கள் ஸ்மித்தைப் போன்ற நிரல்கள் அல்லர், தொட்டிகளில் உறங்கிக்கொண்டிருக்கும் மனிதர்கள். மாய உலகில் இறந்தவனின் உடலும் இறந்துவிடும் என்று இதே படம் நமக்கு முன்னரே சொல்லியிருக்கிறது. விடுவிக்கப்படாத எவரும் எந்நேரமும் பகைவராகலாம் என்று பயிற்சியின்போது மோர்பியஸ் நியோவை எச்சரிக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு படம் அத்தனை கொலைகளையும் கடந்து போய்விடுகிறது. எந்த மக்களை எழுப்புவதற்காக இந்தப் போராட்டம் என்கிறார்களோ, அந்த மக்களே தரையில் கிடக்கிறார்கள். அவர்களுடைய முகங்களைக்கூட நாம் சரியாகப் பார்ப்பதில்லை. இப்படிப்பட்ட கணக்குகளைச் சொல்லிச் செய்யப்பட்டவற்றை இந்த நாட்டில் எல்லாப் பக்கங்களிலும் பார்த்து வளர்ந்த ஒருத்திக்கு, அந்தக் காட்சியை அழகு என்று சொல்ல வாய் வரவில்லை. வடிவமைப்பில் அது மிகச் சிறந்த காட்சி என்பதை மறுக்கவும் இல்லை.

அதே இரண்டாம் பாதியில்தான் ஸ்மித் மோர்பியஸிடம் சொல்லும் ஒரு செய்தியும் வருகிறது. முதன்முதலாக உருவாக்கிய மேட்ரிக்ஸில் துன்பமே இல்லை என்றும், அந்த நிறைவான உலகத்தை மனித மூளை ஏற்க மறுத்ததால் விளைச்சல் முழுவதும் அழிந்தது என்றும் அவன் சொல்கிறான். படத்தில் மிக ஆழமான இடம் இதுவே என்பது என் துணிபு. தேங்காயும் மாசியும் என்று சொன்னவர்கள் இரண்டாம் தலைமுறைக்கு அதைச் சொல்லவில்லை. இரண்டாம் தலைமுறைக்கு அரைப் பேர், முழுப் பேர் என்று எண்ணித் தரும் நாட்கூலியும், முற்பணமும், கொடுத்து முடியாத கடனும் போதுமாக இருந்தன. இன்பத்தைக் காட்டி அழைத்து வந்த பிறகு, பழகிப்போன துன்பமே ஆளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஸ்மித்தின் அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு இந்தப் படத்தை வெறும் சண்டைப் படம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

அப்பாவுக்கு இரண்டாம் பாதியைக் காட்ட எனக்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2021 டிசம்பரில் நான்காவது படம் வெளிவந்ததை ஒட்டி, அடுத்த தைப்பொங்கல் விடுமுறையில் என் மடிக்கணினியில் முதல் படத்தையே போட்டேன். நியோவின் பெயர் அவருக்கு மறந்து போயிருந்தது. மாட்டிறைச்சி தின்றவனை மறக்கவில்லை. சைஃபர் தன் கூட்டாளிகளின் தலையிலிருந்த இணைப்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அவர்களைக் கொல்லும் இடம் வந்ததும் அப்பா நிறுத்தச் சொன்னார்.

"தின்னது பிழையில்ல. கூட வேல செஞ்சவன இப்பிடிச் செஞ்சானே, அதுதான் பிழை" என்றார்.

நான் அப்போது, அவன் உணவகத்தில் வேறொன்றும் கேட்டிருந்தான் என்பதை நினைவூட்டினேன். திரும்பிப் போனதும் எதுவுமே நினைவிருக்கக் கூடாது என்பது அவனுடைய நிபந்தனை. பொய்யென்று தெரிந்தே பொய்யைக் கேட்டவன், தெரிந்திருந்ததையே அழித்துவிடும்படியும் கேட்டான். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் மொழிபெயர்த்தபோது அந்த வரியை விட்டுவிட்டேன் போலும். அப்பா இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. படத்தை மறுபடி ஓட விடச் சொன்னார்.

ஆகவே, கேள்வி கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள்: முடியுமானால் முதற்பாதியை மட்டும் மீண்டும் ஒருமுறை, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து பாருங்கள். 2003 இல் வந்த இரண்டாம், மூன்றாம் படங்கள் விளக்கங்களை நீட்டிக்கொண்டே போகின்றன. முதல் படத்தை விரும்பினால் மட்டும் அவற்றுக்கு நேரம் கொடுக்கலாம். நான்காவதைத் தொடங்கும் முன் அப்பா என்னிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

"அந்தக் கறி தின்னவன் இதுல வாரானா?"

வரமாட்டான் என்றேன். அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார்.